வாசகர் கேள்வி-பதில்: கஞ்சா லீகல் ஆனா யாருக்கு லாபம், யாருக்கு அடி?

கே: பல நாட்டுல கஞ்சாவை சட்டப்படி விக்க விடுறாங்க. அப்படி விட்டா கள்ளச் சந்தை தன்னால ஒழிஞ்சிடும்னு சொல்றாங்களே, நிஜமாவே ஒழிஞ்சுதா?

ப: தன்னால எங்கயும் ஒழியல. வாங்குறவங்க பாக்குறது ரெண்டே விஷயம்தான், எங்க விலை கம்மி, எங்க சீக்கிரம் கிடைக்கும். கனடாவுல 2018 அக்டோபர் 17 அன்னிக்கு சட்டம் அமலுக்கு வந்துச்சு, ஆனா அந்த நாட்டுலயே ஜனத்தொகை அதிகமான ஒன்டாரியோ மாகாணத்துல அன்னிக்கு ஒரு கடை கூட கிடையாது, ஆன்லைன்ல ஆர்டர் போட்டு காத்திருக்கணும், கடைங்க திறந்ததே 2019 ஏப்ரல்லதான். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுசுக்கும் முதல் நாள் ஒரே ஒரு கடை. விலையும் அப்படித்தான், 2019ல லீகல் சரக்கு கிராம் சுமார் 10 கனடா டாலர், கள்ளச் சந்தையில விக்கிற பழைய ஆள்கிட்ட சுமார் 6 டாலர். அப்புறம் யாரு கடைக்கு வருவா?

ஆனா அதோட கதை முடியல, கடைங்க வருஷா வருஷம் பெருகுச்சு, விலை இறங்குச்சு, இப்போ அந்த அரசாங்கம் எடுக்குற சர்வேல பயன்படுத்துறவங்கள்ல பத்துக்கு ஏழு பேரு லீகலாதான் வாங்குறோம்னு சொல்றாங்க. இதுக்குப் பல வருஷம் ஆச்சு, அதை யாரும் மறந்துடக் கூடாது.

கலிஃபோர்னியா நேர் எதிர். 2016ல ஓட்டுப் போட்டு 2018 ஜனவரி 1ல இருந்து விற்பனை ஆரம்பிச்சாங்க, ஆனா ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக்குள்ள கடையே வேணாம்னு தடை போட்டுக்கலாம்னு சட்டத்துலயே வழி விட்டுட்டாங்க, பாதிக்கு மேல ஊருங்க தடையும் போட்டுடுச்சு. கடை இல்லாத ஊர்ல இருக்குறவன் என்ன பண்ணுவான், பழைய ஆளுக்குத்தான் போன் போடுவான். அதுக்கு மேல மாநில வரி, உள்ளூர் வரி, விற்பனை வரின்னு அடுக்கடுக்கா ஏத்துனதுல லீகல் சரக்கு போட்டியே போட முடியாத விலைக்குப் போயிடுச்சு. நியூயார்க்ல 2021 மார்ச்ல சட்டம் வந்துச்சு, லைசென்ஸ் வாங்கின முதல் கடை திறந்தது 2022 டிசம்பர் கடைசில. அந்த நடுவுல லைசென்ஸே இல்லாத கடைங்க தெருத் தெருவா முளைச்சு, அதையெல்லாம் சீல் வைக்க 2024ல தனியா ஒரு வேட்டையே நடத்த வேண்டியதாச்சு.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், மெக்சிகோ எல்லை வழியா அமெரிக்காவுக்கு வந்துட்டிருந்த கஞ்சா கடத்தல் இந்தப் பத்து பதினஞ்சு வருஷத்துல பெருமளவு சுருங்கிடுச்சு. கும்பல்ங்க ஒழிஞ்சாங்கன்னு அர்த்தம் இல்ல, மெத், ஃபெண்டனில்னு அதைவிட மோசமான போதைப்பொருளுக்கு மாறிட்டாங்க.

கே: பயிர் பண்ற விவசாயிக்கு இதுல நல்லதுதானே? போலீஸ் பயம் இல்லாம விவசாயம் பண்ணலாமே?

ப: போலீஸ் பயம் போச்சு, அது பெரிய விஷயம்தான். ஆனா எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்குறது இந்த இடத்துலதான், ஏன்னா தடை இருந்த காலத்துல ஜெயிலுக்குப் போற ரிஸ்க்கை தலைல சுமந்தது சின்ன விவசாயி, தடை போனதும் சந்தையை விட்டு முதல்ல வெளிய தள்ளப்பட்டதும் அவங்கதான்.

வடக்கு கலிஃபோர்னியால ஹம்போல்ட், மெண்டசீனோ, டிரினிட்டின்னு மூணு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), எமரால்ட் டிரையாங்கிள்னு சொல்வாங்க. அங்க மலைக்காட்டுக்குள்ள சின்னச் சின்னத் தோட்டமா ரெண்டு மூணு தலைமுறையா கஞ்சா பயிர் பண்ணிட்டிருந்தாங்க. ஓட்டெடுப்புக்கு முன்னாடி அவங்களுக்குக் கொடுத்த நம்பிக்கை, 1 ஏக்கருக்கு மேல பெரிய பண்ணைக்கு முதல் 5 வருஷம் லைசென்ஸே கிடையாதுங்கிறது. ஆனா 2017 நவம்பர்ல விதிமுறை வந்தப்ப ஒரே கம்பெனி எத்தனை சின்ன லைசென்ஸ் வேணும்னாலும் அடுக்கி வாங்கிக்கலாம்னு ஓட்டை விட்டுட்டாங்க. சான்டா பார்பரா பக்கம் பெரிய பெரிய கண்ணாடிக் கூடாரத்துல வருஷம் முழுக்க விளைச்சல் எடுக்க ஆரம்பிச்சாங்க, மலைக்காரங்களுக்கோ வருஷத்துக்கு ஒரு பெரிய அறுவடைதான். ஒரு பவுண்டு பூ, அதாவது போதைக்காக விக்கிற கஞ்சா மொட்டு, ஆயிரம் டாலருக்கு மேல போயிட்டிருந்தது 2021, 22ல சில நூறு டாலருக்கு விழுந்துடுச்சு. இதுல கொடுமை என்னன்னா வரி மட்டும் விலையோட சேர்ந்து இறங்கல, விளைச்சல் வரின்னு ஒரு பவுண்டுக்கு சுமார் 150 டாலர், சரக்கு என்ன விலைக்குப் போனாலும் சரி, கட்டியே ஆகணும். 2022 ஜூலைல அதை எடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள நிறைய பேரு தோட்டத்தை மூடிட்டுப் போயிட்டாங்க, சில பேரு வேற வழி இல்லாம பழைய திருட்டு வழிக்கே திரும்பிட்டாங்க. விவசாயியைக் கள்ளச் சந்தைக்குத் திருப்பி அனுப்புனது இந்த விதிமுறைதான்னு சொன்னா அதுல தப்பே இல்ல.

பெரிய கம்பெனிங்களாவது நல்லா இருக்காங்களான்னா அதுவும் இல்ல. கனடாவுல ஷேர் மார்க்கெட் ஆசைல ஊரே தாங்காத அளவுக்கு விளைய வச்சு, விக்காத சரக்கை மூட்டை மூட்டையா அழிச்சாங்க. கேனபி க்ரோத் கம்பெனி பழைய ஹெர்ஷி சாக்லேட் ஃபேக்டரிய வாங்கி அதுலதான் தன் சாம்ராஜ்யத்தையே ஆரம்பிச்சது, 2023ல அதையே மூடிட்டாங்க. அங்கயும் அதே நிலையான வரி, கிராமுக்கு 1 டாலர், இல்லன்னா 10 சதவீதம், எது ஜாஸ்தியோ அது. கிராம் 10 டாலர் விக்கும்னு நினைச்சுப் போட்ட கணக்கு, விலை பாதியா விழுந்தா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

மொராக்கோவுல ரிஃப் மலைப்பகுதி விவசாயிங்க நிலைமை வேற மாதிரி. 2021 சட்டப்படி மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டும், அதுவும் அல் ஹொசைமா, ஷெஃப்ஷாவென், தௌனாத்துன்னு குறிப்பிட்ட மாகாணங்கள்ல மட்டும், கூட்டுறவு சங்கத்துல சேர்ந்து லைசென்ஸ் இருக்குற கம்பெனிக்குத்தான் விக்கணும். அங்க சின்ன விவசாயியைக் கணக்குல வச்சே சட்டம் எழுதியிருக்காங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பொழுதுபோக்குக்கு வாங்குற சந்தை இன்னும் சட்டத்துக்கு வெளியதான் இருக்கு, அதனால திருட்டு விளைச்சலும் பக்கத்துலயே நடந்துட்டுத்தான் இருக்கு.

கே: லீகல் ஆக்குறதும், குற்றம் இல்லன்னு விடுறதும் ஒண்ணா?

ப: இல்ல. குற்றம் இல்லன்னு விட்டா வச்சிருக்கிறவனைப் பிடிக்க மாட்டாங்க, ஆனா விளைய வைக்கிறதும் விக்கிறதும் குற்றமாவே இருக்கும். நெதர்லாந்து 1976ல இருந்து இப்படிப் பாதி வழில நின்னுச்சு, காஃபி ஷாப்ல முன்வாசல்ல விக்கலாம், பின்வாசல் வழியா வர்ற சரக்கு முழுக்க திருட்டுச் சரக்கு. அதைச் சரி பண்ணத்தான் 2023 டிசம்பர்ல ரெண்டு ஊர்ல ஆரம்பிச்சு, இப்போ பத்து நகராட்சில லைசென்ஸ் விளைச்சலை வச்சு சோதனை நடத்துறாங்க.

கே: என் பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போயிருக்கான். அங்க இது லீகல்னு சொல்றான். எனக்கு ராத்திரி தூக்கமே வரல. நான் என்ன சொல்லணும்?

ப: அம்மா, லீகல்னா ஆபத்து இல்லன்னு அர்த்தம் இல்ல, அதை மட்டும் அவனுக்குப் புரிய வைங்க. 1990கள்ல பிடிபட்ட சரக்குல டிஎச்சி, அதாவது போதை தர்ற பொருள், சராசரியா 4 சதவீதம் சுமாருக்கு இருந்துச்சு, இப்போ கடைல விக்கிற பூவுலயே 20 சதவீதம் சர்வ சாதாரணம், வேப்ல, அதாவது பேட்டரில சூடாக்கி ஆவியா இழுக்குற கருவில, போடுற எண்ணெய்ல அதுக்கும் மேல. சின்ன வயசுல ஆரம்பிச்சு தினமும் இழுக்குறவங்களுக்கு அடிமைத்தனம் வர்ற வாய்ப்பும் மனநோய் வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி, குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்திருந்தா தொடவே கூடாது, இதை வெட்கப்படாம அவன்கிட்ட சொல்லுங்க.

சாப்பிடுற வகை, மிட்டாய், கேக் மாதிரி வர்றது, இன்னொரு பிரச்சனை. உள்ள போய் வேலை செய்ய அரை மணில இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும், ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொன்னு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க நிறைய. வீட்டுல கிடந்த மிட்டாயைக் குழந்தைங்க எடுத்துச் சாப்பிட்டு எமர்ஜென்சிக்கு வர்றதும் கனடாவுலயும் அமெரிக்காவுலயும் ஏறிடுச்சு.

இன்னொரு பக்கமும் சொல்லிடுறேன். 2019-20ல அமெரிக்காவுல வேப்பால நுரையீரல் பாதிச்சு 2,800 பேரு ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க, 68 பேரு செத்தாங்க. பெரும்பாலும் திருட்டு வேப்ல கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் காரணம். டெஸ்ட் பண்ணின சரக்குன்னா என்ன கலந்திருக்குன்னாவது தெரியும், அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

சட்டத்தையும் சொல்லுங்க. கனடாவுல மாகாணத்துக்கு மாகாணம் வயசு வரம்பு வேற, கியூபெக்ல 21, ஆல்பெர்டால 18, மத்த இடத்துல 19. எல்லை தாண்டி எடுத்துட்டுப் போனா, ரெண்டு பக்கமும் லீகலா இருந்தாலும், குற்றம். அமெரிக்காவுல மாநிலம் அனுமதிச்சாலும் மத்திய சட்டத்துல இன்னும் தடைதான், குடியுரிமை இல்லாதவங்களுக்கு அதனால விசாவே போகலாம், கஞ்சாக் கடைல வேலை பார்த்தா கூட பிரச்சனை வரும். நிறைய பசங்களுக்கு இது தெரியவே தெரியாது.

கே: தாய்லாந்து அனுமதிச்சிட்டு ஏன் திடீர்னு பின்வாங்குச்சு?

ப: விதிமுறையே எழுதாம கதவைத் திறந்துட்டாங்க. 2022 ஜூன் 9ல போதைப்பொருள் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, வீட்டுல வளர்க்கச் சொல்லி பத்து லட்சம் செடி கொடுக்குறோம்னாங்க, ஆனா யாருக்கு விக்கலாம், எப்படி விக்கலாம்னு முழுச் சட்டம் பார்லிமெண்ட்ல நிறைவேறவே இல்ல. ஆயிரக்கணக்குல கடை வந்துச்சு, வெளிநாட்டுல இருந்து கடத்தி வந்த சரக்கு உள்ளூர் விவசாயி விலையை உடைச்சுது, அங்க இருந்து பெட்டி பெட்டியா பிரிட்டன் ஏர்போர்ட்டுக்குக் கடத்தலும் நடந்துச்சு. 2025 ஜூன்ல டாக்டர் சீட்டு இருந்தாதான் பூ வாங்க முடியும்னு மாத்திட்டாங்க. அரசாங்கம் சொன்னதை நம்பி கடன் வாங்கி செடி போட்ட குடும்பங்களை நினைச்சாதான் கஷ்டமா இருக்கு.

கே: அப்போ யாருதான் ஓரளவு சரியா பண்ணியிருக்காங்க?

ப: என் கணக்குல உருகுவே. 2013 டிசம்பர்லயே, உலகத்துலயே முதல் நாடா, சட்டம் போட்டாங்க. வீட்டுல 6 செடி, இல்ல சேர்ந்து வளர்க்குற கிளப்ல சேரலாம், இல்ல மருந்துக் கடைல பதிவு பண்ணி வாங்கலாம், மாசம் 40 கிராமுக்கு மேல கிடையாது, விளம்பரம் கிடையாது. மெதுவாத்தான் போனாங்க, மருந்துக் கடை விற்பனையே 2017லதான் வந்துச்சு, அப்பவும் கஞ்சா விக்கிற கடைங்களோட கணக்கு வச்சுக்க மாட்டோம்னு அமெரிக்க பேங்குங்க பயமுறுத்துனதால சில கடைங்க பாதில கழண்டுக்கிச்சு. பதிவு பண்ண விருப்பம் இல்லாதவங்க இன்னும் வெளியதான் வாங்குறாங்க. ஆனாலும் கோடி கோடியா லாபம் பாக்க யாரையும் விடல.

கே: பழைய சட்டத்துல மாட்டினவங்க கேஸ் என்ன ஆகும்?

ப: இதை எல்லாரும் கடைசில வச்சுக்கிறாங்க, முதல்ல பண்ண வேண்டிய வேலை இது. அமெரிக்காவுல கறுப்பின மக்களும் வெள்ளையரும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் பயன்படுத்துறாங்க, ஆனா கஞ்சா வச்சிருந்ததுக்குக் கைதாகுற வாய்ப்பு கறுப்பினத்தவங்களுக்கு மூன்றரை மடங்குக்கும் மேல. அந்த ஒரு கேஸ்னால வேலை, வாடகை வீடு எல்லாம் போயிடும். கனடா 2019ல இலவச மன்னிப்பு கொண்டு வந்துச்சு, ஆனா நீங்களே பழைய கோர்ட் பேப்பரைத் தேடி எடுத்து மனு போடணும்னு வச்சாங்க, கடைசில முதல் சில வருஷத்துல வாங்கினது சில நூறு பேருதான். கலிஃபோர்னியா 2018ல போட்ட சட்டத்துல அரசாங்கமே ரெக்கார்டைத் தேடிப் பார்த்து கேஸைக் குறைக்கணும், நீக்கணும்னு இருக்கு. மொராக்கோவுல 2024 ஆகஸ்ட்ல மன்னர் 4,831 பேருக்கு, அதுல பெரும்பாலும் சின்ன விவசாயிங்க, ஒரே நாள்ல மன்னிப்பு கொடுத்தார். சம்பந்தப்பட்டவங்களை மனு போட அலைய விடாம அரசாங்கமே செய்யணும், ஏன்னா கேஸைப் போட்டதும் அரசாங்கம்தான், அந்த ஃபைல் இருக்குறதும் அவங்ககிட்டதான்.