ஜூன் லீவில் படிக்க, சிங்கப்பூருக்கே உரிய தண்ணீர்ப் பேய்க் கதைகள் உண்டா?

உங்கள் மகனுக்குப் பத்து வயது, கடல் பூதம், ஆற்றுப் பேய் என்று நடுங்க வைக்கும் கதைதான் வேண்டும் என்கிறான், அதுவும் இந்த ஊர்க் கதையாக இருந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். போன ஜூனில் என் தங்கை மகளும் இதே பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு நான் எடுத்துக்கொண்டது செஜாரா மெலாயு, மலாய் மன்னர்களின் பழைய வரலாற்று நூல். பெயரைக் கேட்டால் பாடப்புத்தகம் போலிருக்கும். உள்ளே பேயும் மீனும் கடலடி ராஜ்ஜியமுமாகக் கிடக்கிறது.

முதலில் பாடாங் கதையைச் சொல்லுங்கள். பாடாங் ஓர் அடிமை. ஆற்றில் மீனுக்குப் பறி வைக்கிறான். காலையில் போய்ப் பார்த்தால் செதிலும் முள்ளும்தான் மிச்சம். யார் தின்பது என்று நாணலுக்குள் ஒளிந்திருக்கிறான். கண்கள் நெருப்பாய்ச் சிவந்து, தாடி இடுப்புவரை தொங்கும் ஒரு பேய் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது. பாய்ந்து தாடியைப் பிடித்துக்கொள்கிறான். 'விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன்' என்கிறது பேய். பாடாங் யோசிக்கிறான்: செல்வம் கேட்டால் எஜமான் பிடுங்கிக்கொள்வான், ஆகவே பலம் கேட்போம். 'சரி, நான் கக்குவதைத் தின்று முடி' என்கிறது. தாடியை விடாமலே அத்தனையையும் தின்கிறான். எங்கள் வீட்டுப் பெண் 'சீ, உவ்வே' என்று கத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அப்புறம் அவன் சிங்கப்பூர் ராஜாவின் வீரனாகிறான். தென்னிந்தியக் கரையிலிருந்து ஒரு மல்லன் ஏழு கப்பலோடு போட்டிக்கு வருகிறான். அரண்மனை முன் கிடந்த பாறையை அவனால் முழங்கால்வரைதான் தூக்க முடிகிறது. பாடாங் அதைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிந்துவிடுகிறான். நம்மாள் தோற்கிறார், என்ன செய்ய! அந்த முகத்துவாரத்தில் சுமார் 50 வரிகள் எழுத்துப் பொறித்த ஒரு பெரும்பாறை நிஜமாகவே இருந்தது. அதுதான் பாடாங் எறிந்த கல் என்று சொல்வார்கள். 1843இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்தை இதுவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. கதை முடிந்ததும் பையனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நம்மாள் ஜெயிக்கும் கதையும் அதே நூலில் உண்டு. ராஜா சூலான் என்ற மன்னர், பெயருக்குள் சோழன் இருப்பதாகப் பலரும் சொல்வார்கள், கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து கடலுக்குள் இறங்குகிறார். அடியில் ஒரு நாடு, அதற்கொரு ராஜா. அவர் மகளையே கட்டிக்கொண்டு, பிறகு கடற்குதிரை ஒன்றில் ஏறிக் கரைக்கு வருகிறார். சிங்கப்பூரை உண்டாக்கிய சாங் நீல உத்தமன் அந்த வழி வந்தவர் என்பது கதை. இதில் பயம் ஒன்றுமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தனி குஷி.

பயம் வேண்டும் என்றால் தொடாக் கதைதான். ஊசி போன்ற மூக்குள்ள மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையில் பாய்ந்து ஆட்களைக் குத்திக் கொல்கின்றன. ஆங்கிலத்தில் வாள்மீன் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். தொடாக் என்பது நம் மீனவர்கள் முரல் என்று சொல்லும் வகை. அது இரவில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் துள்ளி ஆளைக் குத்துவது உண்மையிலேயே நடக்கிற விஷயம். ராஜா என்ன செய்கிறார் தெரியுமா? ஜனங்களை வரிசையாக நிற்க வைத்து, அவர்கள் காலையே மதில் ஆக்குகிறார். பிணங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சின்னப் பையன், 'கால் எதற்கு? வாழைத்தண்டை நட்டால் போதாதா?' என்கிறான். நட்டார்கள். மீன்களின் மூக்கு தண்டில் மாட்டிக்கொண்டது, வெட்டித் தீர்த்தார்கள். இந்த வயதிலேயே இவ்வளவு புத்தி என்றால் வளர்ந்தால் என்ன செய்வானோ என்று மந்திரிகள் ஓத, ராஜா பையனைக் கொன்றுவிடச் சொல்கிறார். அவன் ரத்தம் வழிந்துதான் புக்கிட் மேராவின் (மலாயில் 'சிவப்புக் குன்று') மண் சிவந்தது என்பது மக்கள் வழக்கு. நம் ரெட்ஹில் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துப் பக்கம்தான்.

நான் மீன்களைத்தான் உறுமிக் காட்டிச் சொன்னேன். அவள் அசையவில்லை. பையனைப் பிடித்துப் போகும் இடத்தில் முகம் மாறிவிட்டது. 'அவனோட அம்மா எங்க இருந்தாங்க மாமா?' என்றாள். நூலில் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே தூங்கும் நேரத்துக்குப் பாடாங், பகலில் தொடாக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் மூக்கைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் சொல்லலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள் சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் ஏறியிருப்பதாகக் கும்பிடுகிறார்கள். வேளாச் சுறாவின் ரம்ப மூக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே கொன்றார்கள், அங்கே கும்பிட்டார்கள்.

மற்றபடி, ஆமை தீவான கூசுத் தீவுக் கதை சாதுவானது. படகுப் பயணத்துக்காகப் போகலாம். சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயனைப் பழங்காலப் பூதம் என்று பையன் நினைத்திருந்தால் மன்னியுங்கள், அது 1964இல் சுற்றுலா வாரியத்துக்காக வரைந்த சின்னம்.

நீங்கள் முதலில் படித்துவிட்டுச் சொல்வது நல்லது. சி.சி. பிரவுனின் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலகத்தில் தேடிப் பாருங்கள். ராஜாக்களின் வம்சப் பட்டியல் வரும் பக்கங்களைத் தயங்காமல் தள்ளிவிடலாம், நானும் தள்ளினேன்.