லுவார் ஆற்றங்கரையில் நடந்தே கோட்டைகளைப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது, கணவருக்கு 67. பாரீசில் வேலை பார்க்கும் மகனிடம் வரும் மே மாதம் செல்கிறோம். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் நடந்தபடியே பழைய கோட்டைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரே நாளில் நான்கு கோட்டைகளைக் காட்டும் பேருந்துச் சுற்றுலாதான் எங்கள் வயதுக்கு ஏற்றது என்கிறான் மகன். நாங்கள் நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் நடப்பவர்கள்; ஆனால் இறக்கத்தில் கணவருக்கு முழங்கால் வலிக்கும். இருவரும் சைவம். பிரெஞ்சு தெரியாது. ஐந்து நாள்கள் ஒதுக்க முடியும். என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பேருந்துச் சுற்றுலா வேண்டாம். உங்கள் மகன் அக்கறையினால்தான் சொல்கிறார். ஆயினும் ஒரே நாளில் நான்கு கோட்டைகளைப் பார்த்தவர்களுக்கு மாலையில் எந்தப் படிக்கட்டு எந்தக் கோட்டையினுடையது என்றே நினைவிருக்காது. நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கும் உங்களுக்குப் பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு பொருத்தமான இடம். அங்கே மலையேற்றம் கிடையாது. ஆற்றையொட்டிய பாதைகள் பெரும்பாலும் சமதளமானவை. ஊர்களை இணைக்கும் ரயிலும் இருப்பதால், களைத்துப் போனால் திரும்பிவிடலாம். என் யோசனை இதுதான்: கோட்டைகளின் எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் முடிந்தவரை நடந்தே சென்றடையுங்கள்.

இதை வெறும் ரசனைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கோட்டைகள் ஏன் அங்கே எழுந்தன என்பதற்கான விடை, கட்டடத்துக்குள் இருப்பதைவிட அதற்குச் செல்லும் வழியில்தான் அதிகம் இருக்கிறது. லுவார்க் கரையின் வெளிறிய பாறைச் சரிவுகளில் வரிசையாகக் குகைகள் தெரியும். சிலவற்றில் கதவும் சன்னலும் வைத்து இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், சிலவற்றில் திராட்சை மது பதப்படுத்தப்படுகிறது. அவற்றில் பல முன்பு கல்வெட்டி எடுத்த சுரங்கங்கள். துஃபோ என்னும் அந்த வெண்மையான சுண்ணாம்புக்கல் மிகவும் மென்மையானது. நுணுக்கமாகச் செதுக்க எளிது. வெட்டியெடுத்த கல்லைப் படகில் ஏற்றி ஆற்று வழியே கொண்டு செல்லவும் முடிந்தது. காலையில் குகையைப் பார்த்துவிட்டு மாலையில் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்ப்பவருக்கு, அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்ததே இந்தக் கோபுரம் என்பது எவரும் விளக்காமலேயே புரியும். நெடுஞ்சாலையில் விரையும் பேருந்திலிருந்து இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

தங்குவதற்கு லுவார்க் கரையிலுள்ள அம்புவாஸ் நகரைத் தேர்ந்தெடுங்கள். பாரீசிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஆற்றுக்கு மேலே அரச கோட்டை நிற்கிறது. அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் நடந்தால் க்ளோ லூசே மாளிகை. முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்று 1516இல் வந்த லியொனார்டோ டா வின்சி அங்கேதான் வாழ்ந்து, 1519 மே 2 அன்று காலமானார். சென்று சேரும் நாளுக்கு இந்த நடை போதும்.

இரண்டாம் நாள் ரயிலில் ஓன்ஸான் நிலையத்தில் இறங்கி, லுவார்ப் பாலத்தைக் கடந்து ஷோமோன் கோட்டைக்கு நடந்து செல்லுங்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். பாலத்தின் நடுவில் சற்று நில்லுங்கள். மணல் திட்டுகளுக்கு இடையே கிளை பிரிந்து ஓடும் ஆறும், மேட்டின் மேல் உருண்டைக் கோபுரங்களுடன் நிற்கும் கோட்டையும் அங்கிருந்துதான் ஒன்றாகத் தெரியும். பிரெஞ்சு மொழியில் போர்க்கோட்டைக்கும் அரண்மனைக்கும் 'ஷாத்தோ' என்னும் ஒரே சொல்தான். ஷோமோனைப் பார்த்தால் அதன் பொருத்தம் விளங்கும். வாயிலில் தூக்குப்பாலமும் பருத்த கோபுரங்களும் உண்டு. ஆனால் முற்றத்துக்குள் நுழைந்தால் நாற்புறமும் சுவர் இராது. ஆற்றின் காட்சிக்காக, வடபுறக் கட்டடத்தை 18ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். பகைவரை நோக்கிய சுவர் பின்னர் காட்சிக்கான மாடமாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய குதிரை லாயத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். கபூர்தலா மகாராஜா அளித்த யானை ஒன்று இந்த ஊரில் வாழ்ந்தது. இங்கே தோட்டக்கலை விழா 1992 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மே மாதத்தில் அதையும் காணலாம். கோட்டைக்கு ஏறும் வழி செங்குத்தானது. ஏறுவதைவிட இறங்குவதுதான் உங்கள் கணவருக்குச் சிரமம் என்பதால், இரண்டு நடைக்கோல்களை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஓய்வு நடையாக, நகருக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் காட்டோரமாக நிற்கும் ஷான்த்லூ கோபுரம் வரை சென்று வரலாம். 44 மீட்டர் உயரமான இந்தக் கோபுரம் சீனக் கோபுர வடிவில் 1770களில் கட்டப்பட்டது. அது நின்ற தோட்டத்துக்கு உரிய பெருமாளிகை இன்று இல்லை.

நான்காம் நாளை முழுவதும் ஷெனோன்சோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்புவாஸிலிருந்து காட்டு வழியே நடப்பவர்கள் உண்டு; அது ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், உங்களுக்கு வேண்டாம். சேன்-பியேர்-தெ-கோர் நிலையத்தில் ரயில் மாறிச் செல்லுங்கள். ஷெனோன்சோ நிலையத்துக்கு அருகிலேயே கோட்டை வாயில் உள்ளது. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலமாகவே நீளும் மாளிகை இது. இரண்டாம் ஹென்றி மன்னர் இதைத் தம் காதலி தியான் தெ புவாத்தியேவுக்கு 1547இல் கொடுத்தார். அக்கரைக்குப் பாலம் கட்டியவர் தியான்தான். மன்னர் 1559இல் இறந்ததும் அரசி கத்ரீன் தெ மெதிசி இதைத் தாம் எடுத்துக்கொண்டு, மாற்றாகத் தியானுக்குக் கொடுத்தது நீங்கள் முன்பு பார்த்த அதே ஷோமோனைத்தான். பிறகு தியானின் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடத்தைக் கட்டினார் கத்ரீன். முதல் உலகப் போரின்போது காயம்பட்ட வீரர்களுக்கு அந்தக் கூடம் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வசமிருந்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லையாக ஷேர் ஆறு அமைந்தபோது, கூடத்தின் தெற்குக் கதவு அக்கரையில் திறந்தது. அதன் வழியே மக்கள் தப்பிச் சென்றார்கள். உள்ளே பார்த்து முடித்ததும், பக்கத்து ஊர்ப் பாலம் ஒன்றைக் கடந்து தென்கரைப் பாதைக்கு வந்துவிடுங்கள். தியானின் வளைவுகளும் அவற்றின் மேல் கத்ரீனின் கூடமும் நீரில் நிழலாடுவதை அமைதியாகப் பார்க்க அந்தக் கரைதான் ஏற்றது.

புகழ்பெற்ற ஷம்போர் கோட்டையை ஏன் சொல்லவில்லை என்று மகன் கேட்பார். அதன் வேட்டைக்காட்டைச் சூழ்ந்த மதில் மட்டுமே 32 கிலோமீட்டர். அங்கு ரயிலும் செல்வதில்லை. அரை நாளில் அதைப் பார்ப்பது அதற்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஐந்தாம் நாளை எதற்கும் ஒதுக்காதீர்கள். மழை பெய்தால் கைகொடுக்கும்.

வழி தவறுமோ என்ற அச்சம் வேண்டாம். நெடுந்தொலைவுப் பாதைகளில் மரத்திலும் கம்பத்திலும் வெள்ளை, சிவப்பு என இரு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தீட்டப்பட்டிருக்கும். உள்ளூர்ச் சுற்றுப்பாதைகளுக்கு ஒற்றை மஞ்சள் கோடு. கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் அது உங்கள் பாதையன்று, திரும்பிவிடுங்கள். இந்த நாடளாவிய பாதை வலையின் முதல் பகுதி 1947இல் லுவார்க் கரையில்தான், ஒர்லேயானுக்கும் போழான்சிக்கும் இடையே திறக்கப்பட்டது. ஆற்று மணல் திட்டுகளில் மட்டும் இறங்காதீர்கள். மணல் உள்வாங்கும், நீரோட்டமும் ஏமாற்றும், தவிர அது ஆலாப் பறவைகள் முட்டையிடும் பருவம். காட்டோரப் புல்லில் உண்ணிகள் இருப்பதால் முழுக்கால் ஆடை அணிந்து, மாலையில் தோலைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சிற்றூர் உணவகங்களில் மதியச் சாப்பாடு ஏறத்தாழ 12 மணி முதல் 2 மணி வரைதான். ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகவே காலையிலேயே ரொட்டிக் கடையில் பாகெத் என்னும் நீள ரொட்டியும் பழங்களும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பகுதியின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி பெயர் பெற்றது. ஆனால் அதை உறைய வைக்கப் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளையே சேர்ப்பார்கள் என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள். காய்கறிச் சூப்பிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். சைவத் தேவையைப் பிரெஞ்சில் மகனிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் கேட்பது எளிது. கடைக்குள் நுழையும்போதும் பாதையில் எதிரே வருபவரிடமும் முதலில் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு.

மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகளிலும் இயேசு விண்ணேற்ற நாளிலும் அங்கே அரசு விடுமுறை; அந்த வாரங்களில் அறைகள் வெகு விரைவில் நிரம்பிவிடும். அவற்றைத் தவிர்த்து அம்புவாஸில் நான்கு இரவுகளுக்கு இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பலவற்றில் லிஃப்ட் இராது. தரைத்தளத்து அறையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.