இரண்டு புள்ளி முன்னிலையை நம்பிப் பந்தயம் கட்டலாமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் கருத்துக்கணிப்பை நம்பி ஹிலாரி கிளின்டன்தான் என்று நண்பரிடம் பந்தயம் கட்டித் தோற்றேன். 2024-ல் கமலா ஹாரிஸ் ஒரு புள்ளி, அதாவது நூற்றுக்கு ஒரு ஓட்டு, முன்னால் என்றார்கள், அதிலும் தோற்றேன். 2028-க்குள் இந்தக் கணிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எதைப் பார்ப்பது?

பதில்: முதல் பந்தயத்தில் உங்களைக் கவிழ்த்தது நாடு தழுவிய கணிப்பு இல்லை. ஹிலாரிக்கு மூன்று புள்ளி முன்னிலை என்றார்கள். இரண்டு புள்ளி, அதாவது 28 லட்சம் ஓட்டு அதிகமாகவே வாங்கினார். ஆனால் அங்கே அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 538 தேர்வாளர்கள். 270 பேர் வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஓட்டில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான ஓட்டில் ட்ரம்ப் ஜெயித்தார்.

நமக்கு இது புதிதா என்ன? அதே 2016-ல் நம் சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் வித்தியாசம். இடங்களோ 134, 98.

அடுத்தது, ‘கூடக் குறைய 3’ என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அது. ஆயிரம் பேரைக் கேட்டால் ஒவ்வொருவரின் பங்கும் மூன்று புள்ளி ஏறலாம், இறங்கலாம். இருவருக்கும் உள்ள இடைவெளி என்று பார்த்தால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. 48-க்கு 46 என்ற கணிப்பில், முன்னால் இருப்பவர் எட்டு புள்ளி முன்னாலும் இருக்கலாம், நாலு பின்னாலும் இருக்கலாம். இதில் பந்தயம் கட்டுவது காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இதுவும் சரியான ஆட்களைக் கேட்டிருந்தால் மட்டும். உங்கள் காபியை எடுக்க வியாபாரி வந்தால் மேல் மூட்டையில் மட்டும் கைவிட்டுப் பார்ப்பாரா? அடி மூட்டையிலும் குத்தூசியைச் செருகி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். 2016-ல் பல மாநிலக் கணிப்புகள் மேல் மூட்டையோடு நின்றுவிட்டன. பட்டம் வாங்கியவர்கள் சர்வேக்குக் கூடுதலாகப் பதில் சொல்வார்கள். படிப்பு வாரியாக அந்த விகிதத்தைச் சரிசெய்யாமல் விட்டார்கள். பட்டம் இல்லாத வெள்ளையர்கள் பெருவாரியாக ட்ரம்ப் பக்கம் இருந்தார்கள்.

பிறகு அதைத் திருத்தினார்கள். ஆனாலும் 2020-லும் 2024-லும் ட்ரம்ப்பின் பலம் குறைவாகத்தான் தெரிந்தது. கூப்பிட்டால் போனையே எடுக்காதவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலின் பெரிய தலைவலி இதுதான்.

2024-ல் இழுபறி மாநிலங்கள் ஏழு. ஏழும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் நின்றதால், ஆளுக்குப் பாதி பிரியும் என்று பலர் போட்டார்கள்; நானும்தான். ஏழும் ட்ரம்ப்புக்கே போயின. ஒரே களத்தில் காய்ந்த ஏழு மூட்டை அவை. ஒன்றில் ஈரம் என்றால் மற்றதிலும் இருக்கும். கணிப்பின் பிழையும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வருவதில்லை, ஒரே பக்கம் சாயும்.

ஒற்றைக் கணிப்பு பரபரப்பாக வந்தால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 2024-ல் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பெயர்பெற்ற அயோவா மாநிலக் கணிப்பு ஹாரிஸுக்கு மூன்று புள்ளி முன்னிலை தந்தது. அங்கே ட்ரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். பல கணிப்புகளின் சராசரியை, அதுவும் மாநிலவாரியாகப் பாருங்கள். பதிவு செய்த வாக்காளர் எல்லோரையும் கேட்டார்களா, ஓட்டுப்போட வரக்கூடியவர்களை மட்டுமா, காசு கொடுத்துக் கேட்கச் சொன்னது யார் என்றும் பாருங்கள். இடைவெளி நாலு புள்ளிக்குள் என்றால் பந்தயம் வேண்டாம். கட்டியே தீருவேன் என்றால் ஒரு பில்டர் காபியோடு நிறுத்துங்கள்.

19 தேர்வாளர்கள் உள்ள பென்சில்வேனியாவிலேயே ஆள் இருக்கிறதே என்று மகனிடம் கேட்பீர்கள். ‘ஆபீஸில் எல்லோரும் இன்னாருக்குத்தான்’ என்பார். அவர் ஆபீஸில் பட்டம் வாங்காதவர் எத்தனை பேர் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.