காலரைக் கடித்துக்கொண்டே இருக்கும் மகனுக்கு என்ன தரலாம்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். சில சொற்கள் மட்டும் பேசுவான். சட்டைக் காலர், பென்சில், டிவி ரிமோட், பள்ளிப் பையின் வார் என்று கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. பள்ளி விட்டு வரும்போது சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. விரலில் வேப்பெண்ணெய் தடவினால் நின்றுவிடும் என்கிறார் மாமியார். கடிப்பதற்கென்றே சிலிக்கான் மாலைகள் விற்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்தால் பழக்கம் இன்னும் முற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வாய்ப்பயிற்சி கொடுத்தால் பேச்சும் வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
ஒரு தாய், தென்காசி

பதில்: வேப்பெண்ணெய் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் பேரன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். கைக்குழந்தை விரல் சூப்புவதை நிறுத்த நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்துவந்ததுதான் அது. ஆனால் வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய், குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மிளகாய்த் தூள், விரலில் பிளாஸ்திரி சுற்றுவது, கையில் அடிப்பது எதுவும் வேண்டாம். ஒரு வழியை அடைத்தால் அந்தத் தேவை வேறு வழி தேடும். காலரை விட்ட பிள்ளை தன் மணிக்கட்டையே கடிக்க ஆரம்பிப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அதைவிடக் காலர் எவ்வளவோ மேல்.

மெல்லும்போது தாடைத் தசைகளும் தாடை மூட்டும் மூளைக்கு அழுத்தமான தகவலை அனுப்புகின்றன. மெல்லும் தசை உடம்பில் வலுவான தசைகளுள் ஒன்று. இப்படிப்பட்ட ஆழ்ந்த அழுத்தம் பலருக்கு மனத்தை அமைதிப்படுத்துகிறது. தேர்வு மண்டபத்தில் பேனா மூடியைக் கடிக்கும் கல்லூரி மாணவனுக்கும் இதே தேவைதான். அவனுக்குக் கொஞ்சம் போதும், உங்கள் மகனுக்கு நிறைய வேண்டியிருக்கிறது. புலன் தகவல்களை மூளை ஒழுங்குபடுத்தும் விதம் பற்றி அமெரிக்காவின் ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) 1970களிலேயே எழுதினார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோயறியும் தன் கையேட்டைத் திருத்தியபோது, புலன் தூண்டலை மிகையாகத் தேடுவதையோ தவிர்ப்பதையோ ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே இது பிடிவாதமும் இல்லை, நீங்கள் வளர்த்த விதத்தின் குறையும் இல்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி படித்துக் காட்டுங்கள்.

ஆனாலும் புலன் தேவை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளையின் வலி வாய் வழியாகத்தான் வெளிப்படும். 6 வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன, முன் பால்பற்கள் ஆடத் தொடங்குகின்றன. உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். கடிப்பது அண்மையில் திடீரென்று கூடியிருந்தால் முதலில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல், காதில் சீழ், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் இவையும் கடிப்பதைக் கூட்டும்.

அடுத்து ஒரு முக்கியமான கேள்வி: அவன் கடிப்பதோடு நிறுத்துகிறானா, விழுங்குகிறானா? மண், பல்பம், விபூதி, சுவர்ச் சுண்ணாம்பு, நூல், முடி போன்ற உணவல்லாதவற்றை ஒரு மாதத்துக்கு மேலாகத் தின்றுகொண்டிருந்தால் அது வேறு சிக்கல். பைகா என்று மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். இரும்புச் சத்துக் குறைவோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் கம்பியையோ கட்டில் விளிம்பையோ கடிக்கிறான் என்றால் இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்ப்பது நல்லது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வீட்டுப் பெயிண்டை நம்ப முடியாது.

ரிமோட்டைக் கடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே வீட்டிலுள்ள ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் கருவி, வண்ண விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள். நாணயம் போன்ற வட்ட பேட்டரி உள்ளே இருந்தால், மூடி திருகாணியால் பூட்டியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பொருள் அவன் கைக்கு எட்டக் கூடாது. அந்த பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு ஐந்தாறு நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எப்போது கடித்தான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எதைக் கடித்தான், எவ்வளவு நேரம். இவ்வளவு போதும். பள்ளி ஆசிரியரிடமும் ஒரு தாள் கொடுங்கள். "எந்நேரமும் கடிக்கிறான்" என்றுதான் எல்லாப் பெற்றோரும் வருவார்கள். எழுதிப் பார்த்தால் அநேகமாக எந்நேரமும் இருக்காது. காலை வேனில் ஏறும்முன், பிரேயர் கூட்டத்தின் இரைச்சலில், எழுத்து வேலை நடக்கும்போது, சாயங்காலம் பசி நேரத்தில் என்று நாலைந்து இடங்களில் குவிந்திருக்கும். அலுப்பில் கடிக்கும் பிள்ளை சும்மா இருக்கும்போது கடிப்பான்; பதற்றத்தில் கடிப்பவன் கூட்டத்தில், சத்தத்தில் கடிப்பான். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. அலுப்புக்கு வேலை கொடுக்க வேண்டும், பதற்றத்துக்கு அந்தச் சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

நான் உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: அவன் கடிக்கத் தொடங்குவதற்கு முன்பே கடிக்கக் கொடுத்துவிடுங்கள். காலரை வாயில் வைத்த பிறகு ஓடிப் போய் முறுக்கை நீட்டினால், காலரைக் கடித்தால் முறுக்கு வரும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். மழைக்கு முன்னால் கூரையைச் செப்பனிடுவது போலத்தான் இதுவும். நோட்டில் வேன் ஏறும் நேரம் 8.15 என்று இருந்தால், 8 மணிக்கே வாய்க்கு வேலை கொடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் என்று தொடங்கி, பிறகு அவனுக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம்.

என்ன கொடுப்பது? கடையில் விற்கும் சாதனங்களுக்கு முன்னால் உங்கள் சமையலறையைப் பாருங்கள். உங்கள் பக்கம் தை மாதத்தில் கிடைக்கும் பனங்கிழங்கைப் போல தாடைக்கு வேலை தரும் உணவு அரிது. அவித்து, நாரை உரித்து, நடுத் தண்டை எடுத்துவிட்டுச் சிறு துண்டாகக் கொடுங்கள். மற்ற மாதங்களில் நீளமாக வெட்டிய கேரட், கெட்டிக் கொய்யா, தேங்காய்ச் சில், பழைய சப்பாத்தியைக் கல்லில் முறுகலாகப் போட்டது, கைமுறுக்கு, சீடை. சக்கையைத் துப்பத் தெரிந்த பிள்ளையென்றால் கரும்பும் கொடுக்கலாம், பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். கடலை மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டு சொத்தையாக்கும் என்பதால் தினமும் வேண்டாம். உறிஞ்சுவதும் நல்ல வேலை. கெட்டியான கேழ்வரகுக் கூழையோ லஸ்ஸியையோ ஸ்ட்ராவில் குடிக்கக் கொடுத்துப் பாருங்கள். குடிக்கும்போது இருமுகிறான், புரையேறுகிறது என்றால் நிறுத்திவிட்டு விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடிப்பதை விரும்பும் பிள்ளைக்கெல்லாம் மென்று விழுங்கத் தெரியும் என்று எண்ண வேண்டாம். பலர் இரண்டு கடி கடித்துவிட்டு முழுத்துண்டாக விழுங்குவார்கள். வாய் கொள்ளாமல் திணித்துக்கொள்பவர்களும் உண்டு. கெட்டியானதைத் தின்னும்போது அவன் உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தட்டில் இருக்க வேண்டும். முழு நிலக்கடலை, சுண்டல், முழுத் திராட்சை இவை மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடியவை. நன்றாக மெல்கிறான் என்று உறுதியாகும்வரை வேண்டாம்.

வாயை மட்டுமே கவனித்துக்கொண்டிருக்கவும் கூடாது. கை கால்களுக்குக் கனமான வேலை கொடுத்தால் பல பிள்ளைகளுக்கு வாயின் தேடல் குறைகிறது. சப்பாத்தி மாவு பிசையட்டும், அரை வாளித் தண்ணீரைத் தொட்டிக்குச் சுமக்கட்டும், அரிசிப் பையை இழுத்து வைக்கட்டும், சுவரை இரு கைகளாலும் தள்ளட்டும். வீட்டு வேலையாக இருப்பதில் இன்னொரு நன்மை: அவன் வீட்டுக்கு உதவுகிறவனாகிறான். தெரபிக்கென்று தனி நேரம் ஒதுக்க முடியாத தாய்மார்களுக்கு இதுவே தெரபி.

இனி சிலிக்கான் மாலை. அதனால் பழக்கம் முற்றாது. காலருக்குப் போன கடி இதற்குப் போகும், அவ்வளவுதான். தாராளமாக வாங்கலாம், ஆனால் மாலையாக வேண்டாம் என்பது என் கருத்து. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பல் முளைக்கும் குழந்தைகளுக்கும் புலன் தூண்டலுக்காகச் சிறப்புக் குழந்தைகளுக்கும் விற்கப்படும் இத்தகைய மாலைகள், காப்புகளைப் பற்றி எச்சரித்தது. கழுத்து இறுகுவதும் மணி உடைந்து தொண்டையில் சிக்குவதும்தான் அதன் கவலை. குட்டையான வாரோடு சட்டையில் கிளிப்பால் மாட்டும் வகை கிடைக்கிறது, பென்சில் முனையில் செருகும் வகையும் இருக்கிறது. மாலைதான் கிடைத்தது என்றால், இழுத்தவுடன் தானாகக் கழன்றுவிடும் கொக்கி இருக்க வேண்டும். தூங்கும்போதும் சறுக்குமரம், ஊஞ்சலில் விளையாடும்போதும் கழற்றிவிட வேண்டும். மணிகள் கோத்தது வேண்டாம், ஒரே வார்ப்பாக இருக்கட்டும். உணவுத் தரச் சிலிக்கான்தானா என்று பார்த்து வாங்குங்கள். மென்மை, நடுத்தரம், கடினம் என்று வகைகள் உண்டு. பென்சிலில் பள்ளம் விழும்படி கடிக்கிற பிள்ளைக்கு மென்மையானது ஒரு வாரம் தாங்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, வளைத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அன்றே குப்பைக்குப் போகட்டும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

எல்லாம் செய்தும் அவன் காலரைக் கடிக்கத்தான் செய்வான். அப்போது "சீ", "எடு வெளியே" என்று சத்தம் போடாதீர்கள். வாய்க்குள் விரலை விட்டுப் பிடுங்கவும் வேண்டாம். உங்கள் விரல் கடிபடும். கடிக்கும் சாதனத்தை அவன் கண்ணுக்கு நேரே காட்டி, "கடிக்க இது" என்று இரண்டே சொல். வீட்டில் எல்லோரும் அதே இரண்டு சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சாதனத்தின் படத்தை அட்டையில் ஒட்டி அவன் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவிடுங்கள். அவனாகவே வந்து அட்டையைத் தொட்டுக் கேட்டால், எந்த வேலையில் இருந்தாலும் உடனே கொடுங்கள். தனக்கு வேண்டியதைத் தானே கேட்பது அவனுக்குக் கிடைக்கும் பெரிய வெற்றி.

பள்ளியில் இதை அனுமதிக்க மறுத்தால், தயங்காமல் பேசுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளிகள் மாற்றுத்திறனுள்ள குழந்தைக்குத் தேவையான தகுந்த ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சண்டையாகத் தொடங்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதிய நோட்டையும் ஒரு மாற்றுச் சட்டையையும் கொடுத்து, எழுத்து வேலைக்குப் பத்து நிமிடம் முன்பு சாதனத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். கடிப்பதாலும், விசில் ஊதுவதாலும், நாக்கை இடவலமாக அசைப்பதாலும் பேச்சு வந்துவிடும் என்று சொல்வதற்கு நல்ல சான்று கிடையாது. பேச்சில்லாத வாயசைவுப் பயிற்சிக்கென்று மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஊதுகுழல் ஊதுவது அவனுக்குப் பிடித்தால் விளையாட்டாக ஊதட்டும். பேச்சுக்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சியாளரிடம் போக வேண்டும். சொல் வரும்வரை காத்திராமல் படங்களாலும் சைகைகளாலும் பேச இப்போதே பழக்க வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபி என்ற எங்கள் துறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கான ஆய்வுச் சான்று குறைவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2012இல் கூறியது. பயன் தருகிறதா என்பதைக் குடும்பமே குறித்துவைத்து மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. எனவே எந்த தெரபிஸ்டிடம் போனாலும் முதல் நாளே கேளுங்கள்: எது குறைந்தால் இது வேலை செய்கிறது என்று பொருள், எத்தனை வாரத்தில் பார்ப்போம்? உங்கள் மகனுக்கு நனைந்த சட்டைகளின் எண்ணிக்கையே நல்ல அளவுகோல். எட்டு, பத்து வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் திட்டத்தை மாற்றச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

தனியார் மையங்களின் கட்டணம் தாங்க முடியாதவர்களுக்கு, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் 18 வயதுவரை இலவசமாகப் பரிசோதனையும் பயிற்சியும் கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடுள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் அந்த நோட்டையும், அவன் கடிக்கும்போது செல்பேசியில் எடுத்த இரண்டு மூன்று நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். புதிய இடத்தில், புதிய மனிதர் முன்னால், அவன் அப்படிக் கடிக்காமலே போகலாம்.