சுட்டி பழுதில்லை, திறப்புத்தான் மாறுகிறது

கேள்வி: எனது மடிக்கணினியில் விண்டோஸ், உபுண்டு ஆகிய இரண்டு பணிசெயல் முறைமைகளும் உள்ளன. புளூடூத் சுட்டியை உபுண்டுவில் இணைத்தால் விண்டோஸில் அசைவதில்லை; விண்டோஸில் மீண்டும் இணைத்தால் உபுண்டுவில் அசைவதில்லை. கடைக்காரர் புதிய சுட்டி வாங்கச் சொல்கிறார். யூ.எஸ்.பி. துறையில் சிறு றிசீவரைச் செருகிப் பாவிக்கும் அண்ணாவின் சுட்டி இரண்டிலும் வேலை செய்தாலும், வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் துள்ளித் துள்ளி நகர்கிறது. என்ன செய்யலாம்?
– உயர்தர மாணவி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தயவுசெய்து காசைச் செலவழிக்க வேண்டாம், தங்கை. உங்கள் சுட்டியில் பழுதில்லை. புளூடூத் சாதனத்தை இணைக்கும்போது சுட்டியும் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் காண ஓர் இரகசியத் திறப்பை (கடவுச்சொல் போன்ற ஓர் எண்ணை) உருவாக்கித் தத்தம் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. இரண்டு முறைமைகளும் ஒரே புளூடூத் வன்பொருளையே பாவிப்பதால், சுட்டியின் பார்வையில் உங்களிடம் இருப்பது ஒரே கணினிதான்; ஆகவே உபுண்டுவில் புதிதாக இணைத்தவுடன் விண்டோஸுடன் செய்த பழைய திறப்பை அது அழித்துவிடுகிறது. விண்டோஸோ பழைய திறப்பையே நீட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் சுட்டியின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 1, 2, 3 என்ற இலக்கங்களுடன் சிறு பொத்தானோ விளக்குகளோ இருந்தால், 1இல் விண்டோஸையும் 2இல் உபுண்டுவையும் இணைத்துவிட்டு, முறைமையை மாற்றும்போது பொத்தானையும் மாற்றினால் போதும். அந்த வசதி இல்லாவிட்டால், முதலில் உபுண்டுவிலும் பின்னர் விண்டோஸிலும் இணைத்து, விண்டோஸ் தன் அமைப்பு விபரங்களைச் சேமிக்கும் றெஜிஸ்ட்ரியில் பதிவாகியுள்ள திறப்பை எடுத்து, உபுண்டுவில் வார், லிப், புளூடூத் (/var/lib/bluetooth) என்று ஒன்றினுள் ஒன்றாக உள்ள அடைவுகளில் அந்தச் சுட்டிக்குரிய கோப்பினுள் எழுத வேண்டும். குறைந்த மின்சக்திப் புளூடூத் வகைச் சுட்டிகள் சில, ஒவ்வோர் இணைப்பின்போதும் தம்மை அடையாளப்படுத்தும் புளூடூத் முகவரியையும் மாற்றிக்கொள்வதால், அங்குள்ள அடைவின் பெயரையும் புதிய முகவரிக்கு மாற்ற நேரிடும். றெஜிஸ்ட்ரியில் கை தவறினால் விண்டோஸே குழம்பலாம் என்பதால், செயற்றிட்டம் ஒப்படைக்கும் வாரத்தில் இதைத் தொடாதீர்கள். உங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

அண்ணாவின் சுட்டிக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அதன் இணைப்பு விபரம் றிசீவருக்குள்ளேயே இருப்பதுதான். கணினிக்குத் தெரிவதெல்லாம் சாதாரண யூ.எஸ்.பி. சுட்டி ஒன்று மட்டுமே. அதனால் விண்டோஸ், உபுண்டு, மாக் எதில் செருகினாலும் அசையும். துள்ளல் வேறு விடயம். அந்தச் சுட்டி 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது; யூ.எஸ்.பி. 3.0 துறையும் அதன் வயரும் வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கக்குகின்றன. இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஹார்ட் டிஸ்கை ஒரு பக்கத்திலும் றிசீவரை மறுபக்கத்திலும் செருகுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறத்தில் இருப்பதுதான் 3.0 துறை, றிசீவருக்குக் கறுப்புத் துறையைக் கொடுங்கள். அப்படியும் துள்ளினால், ஒரு சிறிய யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயரை வாங்கி, றிசீவரைச் சுட்டிக்கு அருகே கொண்டுவந்து வையுங்கள்.

இன்னொன்று: கடற்காற்று வீசும் நம் ஊரில் சுட்டியின் பற்றரிப் பெட்டியிலுள்ள கம்பிச்சுருள் விரைவில் கறள் கட்டும். மூடியைத் திறந்து பாருங்கள். கசிந்த பற்றரியின் வெள்ளைத் தூள் படிந்திருந்தால், பற்றரியைக் கழற்றிவிட்டுத் தேசிக்காய்ச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பின்னர் புதிய பற்றரியைப் போடுங்கள்.