பற்றீரியாவுக்குள் அறைகள் உண்டா? வாசகர் கேள்வி-பதில்

பற்றீரியாவில் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. உள்ளே எல்லாம் கலந்த கூழ்தானா? (மாணவி, ஹட்டன்)

கூழ் இல்லை, மகள். குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீற்றர். சாதாரணப் புரதமொன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு விநாடிக்குள் போய்விடும். அதனால் பெரும்பாலான வேலைகளுக்குத் தனி அறை வேண்டியதில்லை. கட்டாயம் பிரித்துவைக்க வேண்டியவற்றைப் புரத ஓட்டுக்குள் அடைத்துக்கொள்ளும். சல்மொனெல்லா என்ற பற்றீரியா புரோப்பேன்டையோல் என்ற சேர்வையைச் சிதைக்கும்போது நச்சுத்தன்மையுள்ள அல்டிகைட்டு ஒன்று உண்டாகும். அது வெளியே பரவாமல் காப்பது அப்படிப்பட்ட ஓடுதான்.

லயத்துச் சுவரில் மாரியில் படியும் கரும்பச்சைப் படலத்திலும் இப்படி ஓடு இருக்குமா? (தலவாக்கலை)

அது நீலப்பச்சைப் பற்றீரியாவாக இருந்தால், இருக்கும். பெயர் காபொக்சிசோம். 100 நானோமீற்றரும் அதற்கு மேலும் அகலம், பல முகங்கள். உள்ளே, காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் நொதியமான ரூபிஸ்கோ நெருக்கமாக அடுக்கியிருக்கும். இருகாபனேற்று அயன் ஓட்டின் துளைவழி நுழைய, உள்ளிருக்கும் வேறொரு நொதியம் அதைக் காபனீரொட்சைட்டாக்கும். ஒட்சிசனைப் பிடித்து ஏமாறுவது ரூபிஸ்கோவின் பழைய வியாதி. பக்கத்திலேயே காபனீரொட்சைட்டு குவிந்திருந்தால் அந்தத் தவறு குறையும்.

மீசோசோமின் தொழில்களை விளக்கவும். (பண்டாரவளை)

மறுபடியும் மீசோசோம்! இவர் டியூட்டரிக் குறிப்பொன்றின் போட்டோகொப்பியையும் அனுப்பியிருக்கிறார். கலத்தைச் சூழும் முதலுருமென்சவ்வு உள்ளே மடிந்து சுருண்டு நிற்கிறது, அம்புக்குறி போட்டு ‘சுவாச மையம்’ என்று எழுதியிருக்கிறது. தம்பி, அதற்குத் தொழிலே கிடையாது. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காகக் கலங்களை இரசாயனத்தில் பதப்படுத்தினார்கள். மென்சவ்வு சுருண்டது அந்தப் பதப்படுத்தலில். 1970களில் கலத்தை உறையவைத்துப் பார்த்தபோது சுருள் அரிதாகிவிட்டது. 1983இல் விஞ்ஞானி டுபோஷேயின் குழுவினர் எதுவும் கலக்காமல் சட்டென உறையவைத்துப் பார்த்தார்கள், சுருளே இல்லை. அதே டுபோஷேக்கு 2017இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. நம் குறிப்புகளில் மட்டும் மீசோசோம் வருடாவருடம் புதிதாக அச்சாகிறது, பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். சுவாசச் சங்கிலி இருப்பது முதலுருமென்சவ்விலேயே. எப்போதும் சொல்வதுதான்: படத்தைப் பார்த்தால், அதை எப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

பற்றீரியாவுக்குள் சவ்வே கிடையாதா? உடன் பதில் தேவை. (ஊர் குறிப்பிடவில்லை)

எந்தப் பற்றீரியா? ஊரும் இல்லை, இனமும் இல்லை, அவசரம் மட்டும் இருக்கிறது. நீலப்பச்சைப் பற்றீரியாவில் ஒளித்தொகுப்பு நடக்கும் சவ்வான தைலக்கொயிட்டு உண்டு. காந்தத்தை உணரும் பற்றீரியாவில் சவ்வு சூழ்ந்த இரும்புச் சேர்வைப் பளிங்குகள் உண்டு. ஈ. கோலையின் உள்ளே இவை எதுவும் இல்லை. இனத்தை எழுதிவிட்டுக் கேளுங்கள்.

சரியாக நடுவில் பிரிவது எப்படி? (ஆசிரியை, கொட்டகலை)

ஈ. கோலையில் ‘மின்’ (Min) என்று பெயருள்ள புரதங்கள் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை முனைக்கு முனை அலைந்து திரும்பும். முனைகளில் பிரிவு வளையம் உருவாக அவை இடம் கொடுக்காது. மிஞ்சுவது நடு.

குளத்தில் காலையில் பச்சைப் படை மிதக்கிறது. கொதிக்கவைத்துக் குடிக்கலாமா? (கண்டி)

வேண்டாம். மைக்குரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பற்றீரியாவாக இருக்கலாம். மிதக்கவைப்பது அதன் வாயுக்குமிழ்கள். அவற்றின் சுவரும் புரதமே, சவ்வு அல்ல. அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. மாட்டுக்கும் காட்டாதீர்கள்.