எருசலேமில் ஆடை கிழித்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மேற்குச் சுவருக்குப் போகும் யூதர்கள் சட்டையைக் கிழிப்பது அந்தச் சுவருக்காகவா?

பதில்: இல்லை. சுவர், ஏரோது விரிவாக்கிய ஆலய மேட்டின் தாங்குசுவர்தான். கி.பி. 70-இல் ரோமர் எரித்த ஆலயத்துக்காகத்தான் துக்கம். ஆகவே சுவரைத் தொடும்போது அல்ல, ஆலயம் நின்ற இடம் கண்ணில் படும்போதே கிழிக்க வேண்டும். அந்த மேட்டில் இன்று நிற்கும் பொன் குவிமாடம் தெரிந்தாலே போதும் என்போர் பலர். துக்கத்தில் இப்படி ஆடை கிழிப்பதற்கு எபிரேயத்தில் கெரியா என்று பெயர்.

கேள்வி: எப்படிக் கிழிப்பது? எவ்வளவு நீளம்?

பதில்: நின்றுகொண்டுதான். உட்கார்ந்து கிழித்தால் செல்லாது. முதலில், "எங்கள் பரிசுத்த ஆலயம் தீக்கிரையாயிற்று" என்ற பொருளில் வரும் ஏசாயா 64-ஆம் அதிகார வசனத்தைச் சொல்வார்கள். கூடவே "உண்மையான நியாயாதிபதி போற்றப்படுவாராக" என்பதும் உண்டு. அதில் கடவுளின் பெயரைச் சேர்ப்பதில்லை. பிறகு கழுத்துப்பட்டியின் முன்பக்கம், இடப்புறமாகப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரு தேஃபாக் கிழிக்க வேண்டும். தேஃபாக் என்பது நான்கு கட்டைவிரல் அகலம், 8 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை கணக்கிடுவார்கள். நெஞ்சு தெரியும்வரை கிழிக்கச் சொல்லும் சட்டநூலும் உண்டு. நடைமுறையில் பெரும்பாலோர் ஒரு தேஃபாக்கோடு நிறுத்துகிறார்கள்.

பலரும் தவறுவது இங்கேதான். பட்டியின் விளிம்பு அறுபடாமல் அதற்குக் கீழே துணியில் ஓட்டை போட்டால் கெரியா ஆகாது. குறுக்காகக் கிழிப்பதும் கூடாது. தையல் வழியே பிரிந்தால், கிழிசலாக இல்லாமல் தையல் விட்டதுபோல் இருக்கும். கையால்தான் கிழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இரட்டை மடிப்புப் பட்டி கைக்கு மசியாது. கத்தரியால் விளிம்பை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கையால் கிழிப்பது வழக்கம். பழைய பருத்திச் சட்டையாக இருந்தால் சிரமம் குறையும்.

கேள்வி: எருசலேம் நகருக்குத் தனியாகக் கிழிக்க வேண்டாமா?

பதில்: பழைய சட்டப்படி, நகரை எட்டிப் பார்க்க முடிகிற ஸ்கோப்பஸ் மலையிலிருந்து நகரைப் பார்த்ததும் ஒரு கிழிசல், ஆலய இடத்தைப் பார்த்ததும் வேறொன்று. ஆலயத்தை முதலில் பார்த்துவிட்டால், நகருக்காக அதே கிழிசலைச் சற்று நீட்டினால் போதும். இன்று நகரம் யூதர் ஆட்சியில் இருப்பதால் அதற்குக் கிழிக்க வேண்டியதில்லை என்று யூதச் சட்ட அறிஞரான ரப்பி (யூத மதகுரு) மோஷே ஃபைன்ஸ்டைன் தீர்ப்பளித்தார். ஆலயத்துக்கு அந்த விலக்கு இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறை போகும்போதுமா?

பதில்: கடைசியாகப் பார்த்து 30 நாள் ஆகாவிட்டால் வேண்டாம். யூதரின் ஓய்வுநாளான சபாத்திலும் பண்டிகையிலும் கிழிப்பதில்லை. வெள்ளி நண்பகலுக்குப் பின்னும் பலர் தவிர்ப்பார்கள்.

கேள்வி: சட்டையை நண்பருக்கு "விற்றுவிட்டு" போனால் கிழிக்க வேண்டாமாமே?

பதில்: அடுத்தவர் உடைமையைக் கிழிக்கக் கூடாது என்ற சாக்கு அது. செய்பவர்கள் இருக்கிறார்கள், கண்டிக்கும் ரப்பிகளும் இருக்கிறார்கள். துக்கம் காட்டப் போகிறவருக்கு ஒரு சட்டை பெரிதா என்றே கேட்கத் தோன்றுகிறது.

கேள்வி: பெண்கள்?

பதில்: அவர்களுக்கும் உண்டு. உடல் தெரியாதபடி கிழிசலை உடனே ஊசியால் குத்திக்கொள்வார்கள்.

கேள்வி: பிறகு தைக்கலாமா?

பதில்: கிழிந்தது தெரியாமல் இழை சேர்த்துத் தைப்பது என்றைக்கும் கூடாது, பெற்றோர் இறந்தபோது கிழித்த ஆடைக்கும் இதே விதி. ஏணிப்படி போன்ற தையலோ, ஓட்டுத் தையலோ போடலாம். தையல்காரரிடம் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் திறமையைக் காட்டிவிடுவார்.